சி.டி. ஸ்கேன் படம் எப்படி உருவாகிறது? நாலு ரப்பர் மரத்தை வைத்து ஒரு விளக்கம்

சி.டி. ஸ்கேன் இயந்திரத்துக்குள் கேமரா கிடையாது. அந்தப் பெரிய வளையத்தின் ஒரு பக்கம் எக்ஸ்ரே குழாய் இருக்கிறது. எதிர்ப்பக்கம், உடம்பைத் தாண்டி எவ்வளவு கதிர் மிச்சமாக வந்து சேர்ந்தது என்று அளக்கும் உணரிகள் இருக்கின்றன. இரண்டும் நம்மைச் சுற்றிச் சுழல்கின்றன. கடைசியில் இயந்திரத்தின் கையில் இருப்பது படம் அல்ல, லட்சக்கணக்கான எண்கள். அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் மூளையின் படமும் நுரையீரலின் படமும் பிறக்கின்றன.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று எங்கே போனாலும் ஸ்கேன் சென்டர் பலகை கண்ணில் படுகிறது. அதைப் பற்றிய பேச்சும் நிறைய. "ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்ல" என்று நிம்மதியாகிறவர்கள் உண்டு. "வருஷத்துக்கு ஒரு தடவை உடம்பு முழுக்க எடுத்துப் பாத்திரணும்" என்கிறவர்கள் உண்டு. "ஒரு தடவை எடுத்தாலே கேன்சர் வந்திரும்" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. அதே வீட்டில் ஒரு பிள்ளை பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தால், "வெறும் கணக்கப் படிச்சு என்ன செய்யப் போற மக்களே?" என்று கேட்பார்கள். அந்த வெறும் கணக்கு இல்லையென்றால் அந்த ஸ்கேன் படமே இல்லை. இந்தத் தொடர்பை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எது எந்த ஸ்கேன்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் ஜெல் தடவி எடுப்பது அல்ட்ராசவுண்ட். அதில் ஒலி அலைதான் உண்டு, எக்ஸ்ரே இல்லை. நீண்ட குகைபோன்ற இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, டமடமவென்ற சத்தத்தோடு எடுப்பது எம்.ஆர்.ஐ. அதில் காந்தமும் ரேடியோ அலையும் வேலை செய்கின்றன, அங்கேயும் எக்ஸ்ரே இல்லை. எம்.ஆர்.ஐ. படமும் கணக்கில்தான் பிறக்கிறது. ஆனால் அது வேறு கணக்கு. வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்து ஜோசப் ஃபூரியே 1822இல் வெளியிட்ட நூலில் அதன் வேர் இருக்கிறது. இந்தக் கட்டுரை சி.டி. ஸ்கேனைப் பற்றி மட்டும்.

சாதாரண எக்ஸ்ரே ஏன் போதவில்லை?

எக்ஸ்ரேயை 1895இல் ராண்ட்ஜென் கண்டுபிடித்தார். அது ஒரு நிழல்படம். நெஞ்சு எக்ஸ்ரேயில் முன்பக்க விலா எலும்பு, இதயம், நுரையீரல், முதுகெலும்பு எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். எலும்பு முறிவு தெரியும். இதயத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு கட்டி தெரியாமல் போகலாம். தலைக்குள் இருக்கும் மூளையோ மண்டையோட்டின் நிழலில் முழுக்க மறைந்துவிடும்.

நம் நெய்யூர் ஆஸ்பத்திரியில் சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் நெடுங்காலம் வேலை செய்தார். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன குழுவில் இருந்தவர். அந்தப் பயணத்துக்குப் பிறகு நெய்யூருக்கு வந்து, நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்து, இங்கேயே வேலைசெய்ய முடிவெடுத்தார். அவர் காலத்தில் வயிற்றுக்குள் என்ன என்று அறிய மருத்துவருக்குக் கைவிரல் இருந்தது, நிழல்படம் இருந்தது, அதற்கு மேல் கத்திதான். உள்ளே இருப்பதைக் குறுக்கே அறுத்து வைத்ததுபோல, ஆனால் அறுக்காமலே பார்க்க வழியில்லை.

அந்த வழி கணிதத்திலிருந்து வந்தது.

நாலு மரம், ஆறு வாளி

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக மரங்கள் நாலுதான். மேல் வரிசையில் முதல் மரமும் இரண்டாம் மரமும். கீழ் வரிசையில் அவற்றுக்கு நேர் கீழே மூன்றாவதும் நாலாவதும். மரத்துக்கு மரம் பாலின் அளவு வேறுபடலாம், ஆனால் ஒரு மரம் தரும் அளவு நாளுக்கு நாள் மாறாது என்று வைத்துக்கொள்வோம். இதில் ஒரு மரம் சீக்காகி, மற்ற மரங்களைவிடக் குறைவாகப் பால் தருகிறது. எந்த மரம் என்று தோட்டக்காரருக்குத் தெரியவேண்டும்.

ஆனால் அவர் தோட்டத்துக்குள் வரமுடியாது. பால் எடுப்பவர் ஒரு நேர்கோட்டில் நடப்பார். வழியில் உள்ள சிரட்டைகளை எல்லாம் ஒரே வாளியில் ஊற்றிக்கொண்டே போவார். கோட்டின் முடிவில் வாளியில் மொத்தம் எவ்வளவு என்பது மட்டும்தான் தோட்டக்காரருக்குச் சொல்லப்படும்.

முதல் நாள் வரிசை வரிசையாக நடக்கிறார். மேல் வரிசை வாளியில் 80 மில்லி, கீழ் வரிசையில் 30. அடுத்த நாள் மேலிருந்து கீழாக நடக்கிறார். இடப்பக்கம் 50, வலப்பக்கம் 60. இது போதுமா? போதாது. மரங்கள் வரிசைப்படி 30, 50, 20, 10 என்று தந்தாலும் இந்த நாலு மொத்தமும் சரியாக வரும். 40, 40, 10, 20 என்று தந்தாலும் அதே மொத்தம்தான் வரும். முதல் கணக்குப்படி நாலாவது மரம் சீக்கு. இரண்டாவது கணக்குப்படி மூன்றாவது மரம் சீக்கு. தவறான மரத்தை வெட்டிப்போட வாய்ப்பிருக்கிறது.

மூன்றாம் நாள் குறுக்காக, மூலைக்கு மூலை நடக்கிறார். முதல் மரமும் நாலாவதும் சேர்ந்து 40. இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்து 70. இப்போது பிடி கிடைத்துவிட்டது.

விடை காண ஒரு எளிய வழி இருக்கிறது. நாலாவது மரத்தைத் தொட்டுப்போன மூன்று வாளிகளையும் கூட்டுங்கள்: 30 + 60 + 40 = 130. இதில் நாலாவது மரத்தின் பால் மூன்று தடவை இருக்கிறது, மற்ற மூன்று மரங்களின் பாலும் ஒவ்வொரு தடவை கலந்திருக்கிறது. தோட்டத்தின் மொத்தப் பால் 110. அதைக் கழித்தால் 20. மிச்சம் இருப்பது நாலாவது மரத்தின் பால் இரண்டு மடங்கு. பாதியாக்கினால் 10. இதே மாதிரி முதல் மரத்துக்கு 80 + 50 + 40 = 170, கழித்தால் 60, பாதி 30. மற்ற இரண்டையும் நீங்களே போட்டுப் பாருங்கள், 50, 20 என்று வரும். எந்த மரத்தையும் தொடாமல், வாளிகளை மட்டும் வைத்து ஒவ்வொரு மரத்தின் பாலையும் கண்டுபிடித்துவிட்டோம். நாலாவது மரம்தான் சீக்கு.

இந்த வழியில் இரண்டு படிகள் இருப்பதைக் கவனியுங்கள். முதல் படி, ஒரு மரத்தைத் தொட்ட எல்லாக் கோடுகளின் மொத்தத்தையும் அந்த மரத்தின் இடத்தில் திரும்பக் குவிப்பது. இதைப் பின்வீழ்த்தல் என்று சொல்லலாம். இதோடு நிறுத்தினால் 170, 210, 150, 130 என்று ஒரு கலங்கலான படம்தான் கிடைக்கும். சீக்கு மரம் குறைவாகத்தான் தெரியும், ஆனால் பக்கத்து மரங்களின் பால் எல்லாவற்றிலும் கலந்திருக்கும். இரண்டாவது படி, அந்தக் கலப்பைக் கழித்து எடுப்பது. இதற்கு வடிகட்டல் என்று பெயர்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒரே திசையில் கூட்டினால் உள்ளே இருப்பது தெரியாது, பல திசைகளில் கூட்டினால் தெரியும். திசைகள் குறைந்தால் தவறான விடையும் சரியான விடைபோலவே தோன்றும்.

தோட்டத்திலிருந்து உடம்புக்கு

சி.டி. ஸ்கேனில் மரங்களுக்குப் பதில் உடம்பின் சிறு சிறு கட்டங்கள். பால் எடுப்பவருக்குப் பதில் எக்ஸ்ரே கதிர். ஒவ்வொரு கட்டமும் கதிரைக் கொஞ்சம் விழுங்குகிறது. எலும்பு நிறைய விழுங்கும், தசை குறைவாக, காற்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஒரு பொருள் கதிரை எந்த அளவுக்கு விழுங்கும் என்பதற்குத் தணிவு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஒரே ஒரு சிக்கல். வாளியில் பால் கூடிக்கொண்டே போனது. கதிர் அப்படியல்ல, அது பங்கு பங்காகக் குறைகிறது. ஒரு கட்டம் கதிரைப் பாதியாக்குகிறது, அடுத்தது அந்தப் பாதியைப் பாதியாக்குகிறது, மூன்றாவதும் அப்படியே என்றால் கடைசியில் மிஞ்சுவது எட்டில் ஒரு பங்கு. இது பெருக்கல் கணக்கு, நமக்கோ கூட்டல் வேண்டும். எத்தனை தடவை பாதியானது என்று எண்ணினால் 1 + 1 + 1 = 3, கூட்டல் வந்துவிட்டது. பெருக்கலைக் கூட்டலாக்கும் இந்த வித்தைதான் பள்ளியில் படித்த மடக்கை, அதாவது லாகரிதம். ஸ்கேன் இயந்திரம் ஒவ்வொரு அளவீட்டுக்கும் முதலில் மடக்கை எடுக்கிறது. அதன்பிறகு எல்லாம் வாளிக் கணக்குதான்.

கட்டங்கள் மட்டும் நாலு அல்ல. இன்று ஒரு குறுக்குவெட்டுப் படத்தில் வழக்கமாக 512 வரிசை, வரிசைக்கு 512 கட்டம். அதாவது 2,62,144 கட்டங்கள். அத்தனைக்கும் விடை காணவேண்டும்.

யாரும் கேட்காத கேள்விக்கு 1917இல் விடை

நாலு மரத்துக்கு விடை கண்டோம். எத்தனை மரமானாலும், மரமே இல்லாமல் தொடர்ச்சியாகப் பரவிய பொருளானாலும் இது நடக்குமா? எல்லாக் கோடுகளின் மொத்தமும் தெரிந்தால் விடை ஒன்றே ஒன்றுதானா, வேறு விடையும் இருக்குமா? ஆஸ்திரியக் கணிதவியலாளர் ஜோஹான் ரேடான் 1917இல் இதை நிரூபித்தார். பொருத்தமான நிபந்தனைகளுக்கு உட்பட்டு, விடை ஒன்றுதான் என்று காட்டியதோடு அதைக் கணக்கிடும் சூத்திரத்தையும் கொடுத்தார். கோடுகளின் மொத்தங்களாக ஒரு பொருளை மாற்றி எழுதுவதற்கு இன்று ரேடான் உருமாற்றம் என்று பெயர்.

அவர் கட்டுரையில் மருத்துவம் இல்லை, நோயாளி இல்லை. கணிதத்துக்குள்ளேயே எழுந்த கேள்விக்கு, அதன் அழகுக்காகவே விடை தேடுவதைத் தூய கணிதம் என்கிறோம். ரேடான் செய்தது அது.

அதன்பின் நடந்தது எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. 1956இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில், குரூட் ஷூர் மருத்துவமனையில் ஆலன் கார்மாக் என்ற இயற்பியல் ஆசிரியர் பகுதிநேரமாக வேலைக்குப் போனார். உடம்பு முழுக்க ஒரே பொருள் என்பதுபோல் நினைத்துக்கொண்டு கதிர் சிகிச்சையின் அளவைக் கணிப்பதை அங்கே பார்த்தார். உள்ளே எங்கே எவ்வளவு தணிவு என்று தெரிந்தால் அல்லவா சரியாகக் கணிக்கலாம்? ரேடானின் கட்டுரை இருப்பதே தெரியாமல் அந்தக் கணக்கை அவராகவே போட்டார். நடுவில் அலுமினியமும் சுற்றிலும் மரமுமாக ஒரு வட்டைச் செய்து, கதிர் செலுத்திச் சோதித்தார். கணக்கின்படி அலுமினியத்தின் நடுப்பகுதியில் தணிவு சற்றே குறைவாக வந்தது. பட்டறையில் போய்க் கேட்டார். அந்த அலுமினியத்தின் நடுவே, கொஞ்சம் வேறு தன்மையுள்ள ஒரு முளை உண்மையிலேயே செருகப்பட்டிருந்தது. அவருக்கு யாரும் சொல்லாத ஒன்றைக் கணக்கு சொல்லிவிட்டது!

1963, 1964இல் அவர் கட்டுரைகள் வெளிவந்தன. ஏறக்குறைய யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. கட்டுரைப் பிரதி கேட்டு எழுதியவர்களில் ஸ்விட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையமும் ஒன்று.

இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, இந்த இருவரையும் சாராமல் அதே இடத்துக்கு வந்தார். அவருடைய முதல் ஆய்வுக்கூடக் கருவி ஒரு பொருளைச் சுற்றி 28,000 அளவீடுகள் எடுக்க 9 நாள் ஆனது. கணக்குப் போட்டு முடிக்கப் பெரிய கணினிக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஆட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு முதல் ஸ்கேன் எடுத்தார்கள். 80க்கு 80 கட்டம் மட்டுமே கொண்ட படம். ஆனாலும் கட்டி தெரிந்தது. கார்மாக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இருவருமே மருத்துவர் அல்லர், முனைவர் பட்டம் பெற்றவர்களும் அல்லர்.

அதே 1971இல் இந்தியர் இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டறிந்த ஜி.என். ராமச்சந்திரனும், ஏ.வி. லட்சுமிநாராயணனும். நாம் மேலே பார்த்த வடிகட்டல் படியைக் கணினி மிகச் சுலபமாகச் செய்ய ஒரு முறையை அவர்கள் தந்தார்கள். உலகெங்கும் பாடப்புத்தகங்களிலும் மென்பொருள்களிலும் அது ராம்-லாக் வடிகட்டி என்றே அழைக்கப்படுகிறது. நம் கல்லூரிகளில் கணிதம் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லித்தரவேண்டும்.

எண்ணிலிருந்து கறுப்பு வெள்ளைக்கு

கணக்கு முடிந்ததும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எண் கிடைக்கிறது. தண்ணீர் 0, காற்று −1000 என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இது ஹவுன்ஸ்ஃபீல்டு எண். கொழுப்பு −100 வாக்கில், மூளைத் திசு 30, 40 வாக்கில், புதிதாகக் கசிந்த ரத்தம் அதைவிடக் கூட, 60 வாக்கில் இருக்கும். கெட்டி எலும்பு 1000ஐயும் தாண்டும்.

இத்தனை எண்களையும் ஒரே படத்தில் சாம்பல் நிறமாக்கினால், 35க்கும் 60க்கும் உள்ள வித்தியாசம் நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதனால் மூளையைப் பார்க்க 0 முதல் 80 வரை உள்ள எண்களை மட்டும் கறுப்பிலிருந்து வெள்ளைவரை விரிக்கிறார்கள். நுரையீரலுக்கு வேறு எல்லை, எலும்புக்கு வேறு எல்லை. எடுத்தது ஒரே ஸ்கேன், பார்ப்பது பல விதம்.

ஆக, ஸ்கேன் என்பது எண்களின் அட்டவணை. ஃபிலிமில் அச்சாகி வருவது அதன் ஒரு தோற்றம்.

கணக்கு சரி. படத்தை நம்பலாமா?

ரேடானின் நிரூபணம் எல்லாக் கோடுகளும் தெரிந்தால் என்று தொடங்குகிறது. இயந்திரமோ எண்ணி அளந்த கோடுகளைத்தான் எடுக்கமுடியும். பல்லில் உலோகம் அடைத்திருந்தாலோ இடுப்பில் பிளேட் வைத்திருந்தாலோ அந்தக் கோடுகளில் கதிர் சரியாக வந்து சேராது. அப்போது படத்தில் நட்சத்திரம்போலக் கீற்றுகள் விழும். மூச்சை அடக்காமல் அசைந்தாலும் படம் குழம்பும். ரேடியாலஜிஸ்ட் என்கிற மருத்துவரின் வேலையில் பெரும்பகுதி, எது உடம்பில் இருப்பது, எது கணக்கின் தடுமாற்றம் என்று பிரித்தறிவது.

படம் தெளிவாக இருந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. பக்கவாதம் வந்தவருக்கு முதல் சில மணி நேரத்தில் எடுத்த சி.டி. ஸ்கேன் ஏறக்குறைய இயல்பாகவே தெரியலாம். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பாதிப்பு அத்தனை சீக்கிரம் படத்தில் ஏறாது. ஆனால் ரத்தக்கசிவு இருந்தால் உடனே வெள்ளையாகத் தெரியும். கசிவு இல்லை என்று உறுதியானால், அடைப்பைக் கரைக்கும் மருந்தைத் தகுதியானவர்களுக்கு நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கமுடியும். "ஸ்கேன்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பது இதனால்தான்.

எடுக்கவேண்டுமா என்பது வேறு கேள்வி

இங்கேதான் கணித ஆய்வும் மருத்துவ ஆய்வும் பிரிகின்றன. ரேடானின் தேற்றம் 1917இல் உண்மை, இன்றும் உண்மை, அதைச் சோதிக்க ஆள் சேர்க்க வேண்டாம். ஆனால் ஸ்கேன் எடுத்தால் ஆயுள் கூடுமா என்ற கேள்விக்குத் தேற்றம் பதில் சொல்லாது. ஆட்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஒன்றும் மற்றப் பிரிவுக்கு வேறொன்றும் செய்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடரவேண்டும். இதற்கு ஒப்பீட்டுச் சோதனை என்று பெயர்.

அமெரிக்காவில் அப்படி ஒன்று செய்தார்கள். 55 முதல் 74 வயதுவரை, நிறையப் புகைபிடித்தவர்கள் 53,454 பேர். ஒரு பிரிவினருக்குக் குறைந்த கதிரளவு சி.டி. ஸ்கேன், மற்றவர்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே. 2011இல் முடிவு வந்தது. சி.டி. பிரிவில் நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் அதே சோதனையில், சந்தேகம் என்று சி.டி. காட்டியவற்றில் 96.4 சதவீதம் கடைசியில் புற்றுநோய் அல்ல என்று தெரிந்தது. நெடுங்காலம் புகைபிடித்தவர்களிடமே இப்படி. ஆரோக்கியமான ஒருவர் சும்மா ஒரு நிம்மதிக்காக உடம்பு முழுக்க எடுத்தால், இல்லாத நோயைத் தேடி ஊசி, பயாப்சி, மறுபடி ஸ்கேன் என்று அலையத்தான் வாய்ப்பு அதிகம். வருடாவருடம் எடுக்கச் சொல்லும் விளம்பரங்களை நான் எதிர்ப்பது இந்தக் காரணத்தால்தான்.

கதிர் பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உடம்பில் படும் கதிரின் அளவை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்வார்கள். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதருக்கு வருடத்துக்குக் கிடைப்பது உலக சராசரியில் 2.4. மணவாளக்குறிச்சிப் பக்கக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தாதுவும் அதற்குள் கதிர் வீசும் தோரியமும் இருப்பதால், அங்கே சில இடங்களில் இது பல மடங்கு கூடும். தலைக்கு ஒரு சி.டி. ஸ்கேன் சுமார் 2, வயிற்றுக்கு 8 முதல் 10 வரை. நெஞ்சு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் கீழே. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வாந்தி எடுக்கிறவருக்கு அந்த 2 மில்லிசீவர்ட்டை நினைத்துத் தயங்குவது ஆபத்து. தேவையில்லாமல் அதே வயிற்று ஸ்கேனை மாதத்துக்கு இரண்டு தடவை எடுப்பது வீண் சுமை. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் யோசித்தே எடுக்கவேண்டும். கர்ப்பமாக இருந்தால், இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள்

நம் மாவட்டத்தில் ஸ்கேன் இங்கே எடுத்துவிட்டு, மேல் சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் கையில் ஃபிலிம் கவரும் ரிப்போர்ட்டும் மட்டும் இருக்கும். அங்கே உள்ள மருத்துவர் வேறொரு எல்லையில் பார்க்க விரும்பினால் ஃபிலிமில் அதைச் செய்யமுடியாது. அப்போது அதே ஸ்கேனைத் திரும்ப எடுக்க நேரும், பணமும் கதிரும் இரண்டு மடங்கு. எண்கள் முழுவதும் டிஸ்க்கில் இருக்கின்றன. ஸ்கேன் முடிந்ததும் கவுண்டரில் கேட்டால் தருவார்கள். சில இடங்களில் பென் டிரைவில் ஏற்றித் தருவார்கள், லிங்க்காகவும் அனுப்புவார்கள். அதை வாங்கிக்கொண்டு, நோயாளியின் பெயரும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். பழைய டிஸ்க்குகளையும் தூரப் போடாதீர்கள். ஆறு மாதத்துக்கு முன் அந்தக் கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது என்று மருத்துவர் கேட்கும்போது, அளந்து பார்க்க அதில்தான் முடியும்.